பேப்பர், டிவி, போன்: மதுரையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். அதில் கடைசி ஆறு வருடம் இணையப் பிரிவில். சிம்மக்கல் டீக்கடையில் நின்றாலும், கல்லூரியில் பேசப் போனாலும், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன்.

1. "பேப்பர்ல வர்ற அதே செய்திதான் போன்லயும் வருது. இதுல என்ன பெருசா மாறிருச்சு?"

செய்தி அதேதான். அதைக் கொண்டுவந்து சேர்க்கிற ஆள் மாறிவிட்டார். நாளிதழ் என்பது எப்போதும் இரண்டு வேலை. ஒன்று செய்தியைச் சேகரிப்பது, இன்னொன்று அதை வாசல் வரை கொண்டுபோய்ப் போடுவது. ராத்திரி ராமநாதபுரம், ராமேசுவரம் போகிற வெளியூர்ப் பதிப்பு முதலில் அச்சாகும். நகரப் பதிப்பு கடைசியில். விடிகாலை நாலு மணிக்குப் பண்டல் வந்து இறங்கும். ஏஜென்ட் தெருவிளக்கு வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து, இணைப்பைச் சொருகி, ஜவுளிக்கடை நோட்டீஸையும் நடுவில் வைத்து, வீடு வீடாகப் பேப்பர் போடும் லைன் பையன்களுக்கு எண்ணிக் கொடுப்பார். ஆறரைக்குள் பேப்பர் வாசலில் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று வாசகருக்குத் தெரியும்.

இன்று முதல் வேலை மட்டும்தான் பத்திரிகையிடம் இருக்கிறது. இரண்டாவது வேலை கூகுள், யூடியூப், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் கைக்குப் போய்விட்டது. எந்தச் செய்தி யார் கண்ணில் பட வேண்டும் என்று அவர்களுடைய கணினி முடிவு செய்கிறது. கீழே வரும் பதில்களில் பாதி, சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வரும்.

2. "இதெல்லாம் எப்போ ஆரம்பிச்சுச்சு? ஜியோ வந்த பிறகுதானே?"

வேகம் பிடித்தது ஜியோ வந்த பிறகு; 2016 செப்டம்பர். ஆனால் தமிழ்ப் பத்திரிகைகள் 1990-களின் கடைசியிலேயே இணையத்துக்கு வந்துவிட்டன. அப்போது ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு. அதை இறக்கி வைக்காதவருக்குத் திரையில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு எல்லாரும் மாறிய பிறகுதான் தமிழ்ச் செய்தியை கூகுளில் தேடவும் ஒருவருக்கொருவர் அனுப்பவும் முடிந்தது. பலருக்கு நினைவில் இல்லாத மாற்றம் இது. அது நடக்காமல் மற்ற எதுவும் நடந்திருக்காது.

மதுரைக்கு இதில் ஒரு பழைய பாத்தியதை உண்டு. சி.பா. ஆதித்தனார் 1942-இல் தினத்தந்தியைத் தொடங்கியது இந்த ஊரில்தான். டீக்கடையில் ஒருவர் சத்தமாக வாசிக்க, பத்துப் பேர் கேட்டுப் புரிந்துகொள்ளும் தமிழ் அப்போது பத்திரிகைக்கு வந்தது. 1993-இல் சன் டிவி, 2011-இல் புதிய தலைமுறை என்று தொலைக்காட்சி வளர்ந்தபோதும் பேப்பர் அசையவில்லை. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகத் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் இளைஞர்கள் கூடியபோதுதான் எங்களுக்கு முதல் அதிர்ச்சி. எங்கே, எப்போது கூடுவது என்ற தகவல் வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் போய்விட்டது. நாங்கள் மறுநாள் காலையில் அதை அச்சடித்தோம். அதே வருடம் ஏப்ரல் 30-ஆம் தேதி பிபிசி தன் தமிழோசை வானொலியை நிறுத்திவிட்டு முழுக்க இணையத்துக்கு வந்தது. 1941-இல் தொடங்கிய ஒலிபரப்பு அது. 2020-இல் கொரோனா முடக்கத்தின்போது கல்கி இதழும் அச்சை நிறுத்தி இணையத்துக்கு மாறியது.

3. "யூடியூப்ல லட்சக்கணக்குல பாக்குறாய்ங்க. காசு கொட்டுமேண்ணே?"

கொட்டாது. நீளமான வீடியோவுக்கு வரும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதத்தை யூடியூப் சேனலுக்குக் கொடுக்கும். ஷார்ட்ஸ் என்றால் சேனலுக்கு ஒதுக்கிய தொகையில் 45 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த விளம்பரத்தின் விலையைச் சேனல் நிர்ணயிப்பதில்லை. தமிழ் வீடியோவுக்குக் கிடைக்கும் விளம்பரத்தின் விலையும் குறைவு. எழுதுகிற இணையதளத்துக்கும் இதே கதைதான். கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் தமிழுக்கு வந்ததே 2018-இல்.

பேப்பரின் வருமானம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இழப்பு புரியும். வாசகர் கொடுக்கும் விலை, பல நாளிதழ்களுக்குக் காகிதச் செலவைக்கூட முழுதாக ஈடுகட்டாது. மீதியைத் தாங்கியது விளம்பரம். தீபாவளிக்கு ஜவுளிக்கடை, அட்சய திருதியைக்கு நகைக்கடை, அரசு டெண்டர், கண்ணீர் அஞ்சலி. எல்லாவற்றுக்கும் மேலாக வரி விளம்பரம். 'வீடு வாடகைக்கு', 'மணமகள் தேவை', 'டிரைவர் வேலைக்கு ஆள் தேவை' என்று நாலு வரி, ஐந்து வரி. ஒவ்வொன்றும் சின்னத் தொகை. சேர்ந்தால் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தை வரன் தேடும் தளங்களும் பழைய பொருள் விற்கும் தளங்களும் கொண்டுபோய்விட்டன. கண்ணீர் அஞ்சலி மட்டும் இன்னும் பேப்பரை விட்டுப் போகவில்லை. இறந்தவர் படம் பேப்பரில் வர வேண்டும் என்று இந்த ஊரில் இப்போதும் நினைக்கிறார்கள்.

4. "அப்புறம் ஏன் நெட்ல எல்லாத்தையும் சும்மா குடுக்குறீங்க?"

ஆரம்பத்தில், படிக்கிறவர் நிறைய வந்தால் விளம்பரம் தானாக வரும் என்று நினைத்தோம். அந்தக் கணக்கு ஏன் தப்பியது என்பது மேலே இருக்கிறது. இப்போது விகடன் மாதிரி சில நிறுவனங்கள் சந்தா வாங்குகின்றன. பல நாளிதழ்கள் செய்தியை இலவசமாக விட்டுவிட்டு, இ-பேப்பருக்கும் சிறப்புக் கட்டுரைக்கும் மட்டும் காசு கேட்கின்றன. பத்து வருடம் சும்மா கொடுத்ததற்குத் திடீரென்று விலை சொன்னால் வாங்குகிறவர் முகம் சுளிப்பார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆரம்பத்தில் தப்புச் செய்தவர்கள் நாங்கள்தான்.

5. "தலைப்பு ஏன் இப்படி வைக்கிறீங்க? 'அதிர்ச்சி', 'இதுதான் காரணமா?'ன்னு. உள்ள போனா ஒண்ணுமே இல்ல."

பேப்பரில் தலைப்புக்குக் கீழேயே செய்தி இருக்கும். தலைப்பு பிடிக்கவில்லை என்றாலும் கண் கீழே இறங்கிவிடும். போனில் தலைப்பு மட்டும் தனியாக வந்து நிற்கிறது. அதைத் தொட்டால்தான் செய்தி, தொட்டால்தான் விளம்பரம், விளம்பரம் வந்தால்தான் காசு. எல்லா நெருக்கடியும் அந்த ஒற்றை வரி மேல் வந்து விழுகிறது.

இது புதிய பழக்கம் அல்ல. பெட்டிக்கடை வாசலில் தொங்கும் பேப்பர் போஸ்டரை நினைத்துப் பாருங்கள். 'மதுரையில் பயங்கரம்' என்று பாதி சொல்லி நிறுத்தும். மீதிக்குப் பேப்பர் வாங்க வேண்டும். ஆனால் போஸ்டர் ஒரு நாளைக்கு ஒன்று. உள்ளே விஷயம் இல்லாமல் இரண்டு நாள் ஏமாற்றினால் மூன்றாவது நாள் கடைக்காரரே ஏஜென்டிடம் சத்தம் போடுவார். இணையத்தில் ஒரு நாளைக்கு நூறு தலைப்பு. சத்தம் போட யாரும் எதிரில் இல்லை.

நான் டெஸ்க்கில், அதாவது செய்தியைத் திருத்தித் தலைப்பு வைக்கும் இடத்தில், இருந்தபோது பசங்களுக்கு ஒரு சோதனை வைத்திருந்தேன். 'மதுரை மக்களே உஷார்! நாளை இந்தப் பகுதிகளில் கரண்ட் கட்' என்று எழுதியிருந்தால், 'எந்தப் பகுதி என்று தலைப்பிலேயே சொன்னால் என்ன நஷ்டம்?' என்று கேட்பேன். 'ஆனையூர், கூடல்நகரில் நாளை மின்தடை' என்று மாற்றினால் அந்தப் பகுதிக்காரர்கள் மட்டும் தொடுவார்கள். எண்ணிக்கை குறையும், உண்மைதான். ஆனால் அடுத்த முறை அதே தளத்தின் பெயரைப் பார்த்ததும் நம்பித் தொடுவார்கள். எல்லா நேரமும் என் பேச்சு எடுபட்டதில்லை. மாத முடிவில் எண்ணிக்கை கேட்கும்போது இந்த நம்பிக்கையை எந்தக் கட்டத்தில் எழுதிக் காட்டுவது?

6. "ரீல்ஸ்ல 30 செகண்ட் போட்டா போதும்னு ஆகிருச்சே, எழுதுறதுக்கு இனி வேலை இருக்கா?"

இருக்கிறது. ஆனால் அதைச் செய்யும் ஆளின் மேல் சுமை கூடிவிட்டது. மேலூர் பக்கம் ஒரு பகுதி நேர நிருபரின் ஒரு நாளைச் சொல்கிறேன். காலையில் நான்கு வழிச்சாலையில் விபத்து. போய் இறங்கியதும் அலுவலகக் குரூப்பில் இரண்டு வரி போட வேண்டும்; அது டிவியின் கீழே ஸ்க்ரோலாக ஓடும். அப்புறம் போனை நிமிர்த்திப் பிடித்து ரீல்ஸுக்கு ஒரு வீடியோ, படுக்கவைத்துப் பிடித்து யூடியூபுக்கு இன்னொன்று. இன்ஸ்பெக்டரிடம் ஒரு பைட், அதாவது கேமரா முன் அவர் சொல்லும் நாலு வார்த்தை. அச்சுக்குத் தனியாக ஒரு படம். சாயந்தரம் வீட்டுக்கு வந்து, இறந்தவர் பெயர், வயது, ஊர் சரிபார்த்து முழுச் செய்தியைத் தட்டச்சு செய்ய வேண்டும். மழைக்காலத்தில் போனைப் பாலிதீன் கவருக்குள் போட்டுக்கொண்டே படம் எடுப்பார். முன்பு இதில் கடைசி வேலை ஒன்றுதான் அவருடையது. வாங்கும் பணம் அப்போதைக்கும் இப்போதைக்கும் பெரிதாக மாறவில்லை.

வீடியோவுக்கு ஏற்ற செய்தி உண்டு. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும் நேரத்தை லைவில் பார்த்து துபாயில் இருக்கிற மகன் அழுகிறான் என்றால், அதை எந்தப் பேப்பராலும் கொடுக்க முடியாது. ஆனால் மாநகராட்சி வரி ஏன் ஏறியது என்பதை 30 வினாடியில் சொன்னால் கோபம் மட்டும்தான் மிஞ்சும், கணக்கு புரியாது.

7. "எல்லாச் சேனல்லயும் ஒரே வீடியோவை ஏன் போடுறாய்ங்க?"

பெரும்பாலும் அது யாரோ ஒருவர் எடுத்து நிருபர்கள் குரூப்பில் போட்டது, அல்லது சிசிடிவி காட்சி, அல்லது செய்தி முகமை அனுப்பியது. ஒரு சேனல் போட்டுவிட்டால் மற்றவர்களின் டெஸ்க், 'நம்மிடம் ஏன் இல்லை' என்று நிருபரைப் பிடிக்கும். நேரில் போய்ப் பார்த்து எழுத நேரம் இல்லாததுதான் காரணம். ஏன் நேரம் இல்லை என்பதற்கு 6-ஆவது பதிலைப் பாருங்கள்.

8. "வாட்ஸ்அப்ல வர்ற நியூஸ் கார்டு நெசமா பொய்யான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நியூஸ் கார்டு என்பது சேனல்கள் சமூக ஊடகத்துக்கென்றே உருவாக்கிய வடிவம். சதுரமாக ஒரு படம், மேலே லோகோ, நடுவில் தலைவர் முகம், பக்கத்தில் அவர் சொன்ன ஒரு வரி, கீழே தேதி. படிக்க மூன்று வினாடி போதும். அதே காரணத்தால் போலியாகச் செய்வதற்கும் அதைவிட எளிதான வடிவம் இல்லை. லோகோவை வெட்டி ஒட்டி, சொல்லாத வரியைத் தலைவர் வாயில் வைத்துவிடலாம். தேர்தல் நேரத்தில் தமிழ்நாட்டில் பெரிய சேனல் எதுவும் இதிலிருந்து தப்பவில்லை. 'இது எங்கள் கார்டு அல்ல' என்று மறுப்புக் கார்டு போடுவதே ஒரு தனி வேலையாகிவிட்டது.

கையில் கார்டு வந்ததும் முதலில் எழுத்தைப் பாருங்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒரே எழுத்துருவை, ஒரே அளவில் பயன்படுத்தும். போலியில் எழுத்து கொஞ்சம் தடித்தோ நெருக்கியோ இருக்கும். ஒற்றெழுத்துப் பிழை எட்டிப் பார்க்கும். அடுத்தது தேதி. போன வருடத்து நிஜக் கார்டில் தேதியை மட்டும் அழித்து இன்று சுற்றவிடுவார்கள். இந்த இரண்டிலும் தேறிவிட்டது என்றால்கூட நம்பிவிட வேண்டாம். அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அதே நேரத்தில் அந்தக் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

மழைக்காலத்தில் வரும் 'நாளை மதுரை மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை' கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். கார்டில் ஆட்சியர் பெயர் இருக்கும், லோகோ இருக்கும், மாவட்டம் மட்டும் மாறியிருக்கும்; ராமநாதபுரத்துக்கு விட்ட விடுமுறை மதுரைக்கு வந்திருக்கும். வாட்ஸ்அப்பில் செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பலர் கை மாறி வந்தது என்று பொருள். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்கு அல்லது ஒரு குரூப்புக்கு மட்டும்தான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. அந்த அம்பைப் பார்த்தால் கையை நிறுத்துங்கள். தமிழில் உண்மை சரிபார்க்க யூடர்ன் மாதிரித் தளங்களும் இருக்கின்றன.

9. "டெய்லி காலைல குரூப்ல பேப்பர் பிடிஎஃப் வருது. அதைப் படிச்சா தப்பா சார்?"

கொரோனா முடக்கத்தின்போது பேப்பரைத் தொட்டால் தொற்றிக்கொள்ளும் என்று பயந்து பலர் நிறுத்தினார்கள். அப்போது பரவிய பழக்கம் இது. முழுப் பேப்பரையும் அனுமதி இல்லாமல் பிடிஎஃப்பாகப் பரப்புவது 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு எதிரானது. ஒரு செய்தியின் சுட்டியை அனுப்புவதில் எந்தத் தப்பும் இல்லை.

படிக்கிறவர் மேல் யாரும் வழக்குப் போடப்போவதில்லை. ஆனால் அந்தப் பிடிஎஃப்பில் நிருபருக்கும் ஒன்றும் வராது, ஏஜென்டுக்கும் ஒன்றும் வராது. அதில் வரும் விளம்பரத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று விளம்பரதாரரிடம் காட்டவும் முடியாது. காலையில் அதை ஆவலாகத் திறக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு அது தேவைப்படுகிறது என்றுதானே அர்த்தம்? அப்படியென்றால் இ-பேப்பருக்காவது சந்தா கட்டுங்கள்.

10. "உங்க ஃபேஸ்புக் பக்கத்தை லைக் பண்ணிருக்கேன். ஆனா செய்தி ஒண்ணுமே வர மாட்டேங்குது?"

உங்கள் போனில் கோளாறு இல்லை. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், இனி நண்பர்கள், உறவினர்கள் போடுவதற்குத்தான் முதலிடம், பக்கங்கள் போடுவது பின்னால்தான் என்று அறிவித்தது. அதுவரை லட்சக்கணக்கில் விருப்பம் சேர்த்த பத்திரிகைகள் விழித்து நின்றன. அதற்கு முன் 2015-இல், பத்திரிகைச் செய்தியை ஃபேஸ்புக்குக்கு உள்ளேயே வேகமாகத் திறக்கலாம் என்று 'இன்ஸ்டன்ட் ஆர்ட்டிக்கிள்ஸ்' கொண்டுவந்தார்கள். பத்திரிகைகள் ஆள் போட்டு அதற்கேற்ப மாறின. 2023-இல் அதை மூடிவிட்டார்கள். கனடாவில், செய்திக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்ததும் அதே 2023 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தியையே தடுத்துவிட்டார்கள்.

புறம்போக்கில் வீடு கட்டினால் எவ்வளவு பலமாகக் கட்டினாலும் நிலம் நமக்கு இல்லை. முதல் பதிலில் சொன்ன இரண்டாவது வேலையை இன்னொருவரிடம் விட்டதன் விலை இது. இப்போது பல நிறுவனங்கள் வாட்ஸ்அப் சேனலுக்குப் போகின்றன; இந்தியாவில் அது 2023 செப்டம்பரில் வந்தது. பின்தொடர்பவருக்கு நேராகச் செய்தி போகிறது. ஆனால் அதுவும் ஃபேஸ்புக்கின் அதே முதலாளியின் நிலம்தான். சொந்தச் செயலியும் சொந்தச் சந்தாதாரர் பட்டியலும் வைத்திருப்பவர்கள்தான் கொஞ்சம் தைரியமாக இருக்கிறார்கள்.

11. "இப்ப யார் வேணா மைக்கைப் பிடிக்கிறான். யூடியூபரும் நிருபரும் ஒண்ணா?"

மைக் பிடிப்பதற்கு இங்கே உரிமம் தேவையில்லை. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். மேலூர் அருகே அரிட்டாபட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி 2024 நவம்பரில் வெளியானபோது, அந்தப் பகுதி இளைஞர்கள் தங்கள் போனில் மலையையும் கண்மாயையும் கல்வெட்டையும் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை வரை விவசாயிகள் நடந்து வந்தார்கள். அதே மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பெரிய ஊடகங்களும் நன்றாகவே எழுதின. ஆனால் விடாமல் அங்கேயே இருந்தது ஊர்க்காரர்களின் போன்கள்தான். அதை மனதார ஒத்துக்கொள்கிறேன்.

சரி, வித்தியாசம் எங்கே? தப்பு நடக்கும்போது தெரியும். பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையின் பெயர், வீடு, பள்ளி எதையும் அடையாளம் காட்டக் கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு. பத்திரிகை அலுவலகத்தில் அதைப் பார்த்து வெட்டுவதற்கு ஒரு உதவி ஆசிரியர் இருப்பார். தனியாக நடத்துபவருக்கு அந்த இரண்டாவது கண் இல்லை. தெரியாமலேயே பள்ளி வாசலில் நின்று லைவ் போட்டுவிடுகிறார். சட்டம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

12. "தப்பா செய்தி போட்டா யாரைப் போய்க் கேக்குறது?"

அச்சில் வந்ததற்கு முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். கேட்கவில்லை என்றால் இந்திய பிரஸ் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். இணையத்தில் வந்தது என்றால், 2021-ஆம் வருடத் தகவல் தொழில்நுட்ப விதிகள் வந்த பிறகு பெரிய நிறுவனங்கள் தளத்தின் அடியில் குறைதீர் அலுவலரின் பெயரும் மின்னஞ்சலும் போட்டிருக்கின்றன. புகாருக்கு 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. அந்த விதிகளில் செய்தித் தளங்களைக் கட்டுப்படுத்தும் சில பகுதிகளுக்கு மும்பை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் தடை விதித்தது. அது ஒருபுறம் இருக்கட்டும், மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். எழுத்தில் இருப்பது பின்னால் உதவும்.

என் கையால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கைதுச் செய்தி. கைதானவருக்கும் இன்னொரு வியாபாரிக்கும் ஒரே பெயர். அவசரத்தில் வியாபாரியின் பழைய படத்தைச் சேர்த்துவிட்டோம். பார்த்து ஏற்றியது நான்தான். கால் மணி நேரத்தில் போன் வந்தது. உடனே எடுத்தேன், திருத்தம் போட்டேன், மறுநாள் அவர் கடைக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தன் போனை எடுத்து, சொந்தக்காரர் குரூப்பில் கிடந்த ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டினார். 'நீங்க எடுத்துட்டீங்க தம்பி, இதை யாரு எடுக்கிறது?' என்றார். என்னிடம் பதில் இல்லை. அச்சில் தப்பு வந்தால் திருத்தமும் அதே வாசலுக்குப் போகும். இணையத்தில் தப்பு போன வழி நமக்கே தெரியாது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். தப்பைச் சத்தமில்லாமல் நீக்குவதில்லை. அதே இடத்தில் 'முன்பு தவறான படம் இடம்பெற்றிருந்தது' என்று எழுதி நேரத்தையும் போடுவேன். ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்த யாராவது தேடி வந்தால் அந்த வரியாவது கிடைக்கும்.

13. "பத்து வருசத்துக்கு முன்னாடி ஒரு கேஸ்ல என் பேர் வந்துச்சு. விடுதலையாயிட்டேன். கூகுள்ல இன்னும் இருக்கு. எடுக்கச் சொல்ல முடியுமா?"

இதைக் கேட்டவர் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பேப்பர் பரணில் மக்கிவிடும். இணையத்தில் எதுவும் மக்குவதில்லை. சட்டம் இன்னும் முடிவாகவில்லை. விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நடந்த வழக்கில், 2021-இல் தனி நீதிபதி மனுவைத் தள்ளினார். 2024 பிப்ரவரியில் இரண்டு நீதிபதிகள் அமர்வு மனுதாரருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அதே வருடம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

பத்திரிகைக்கு எழுதும்போது 'நீக்குங்கள்' என்பதைவிட, விடுதலைத் தீர்ப்பின் நகலை வைத்து 'இதையும் சேருங்கள்' என்று கேளுங்கள். நடந்த கைதை நடக்கவில்லை என்று ஆக்க எந்த ஆசிரியரும் தயங்குவார். விடுதலையைச் சேர்க்க மறுப்பவருக்கோ நியாயமே இல்லை. கைதைப் பெரிதாகப் போட்டுவிட்டு விடுதலையைப் போடாமல் விட்டது எங்கள் தொழிலின் பழைய குறை. இணையம் அதை எல்லார் கண்ணிலும் படவைத்துவிட்டது.

14. "அரசாங்கம் நினைச்சா ஒரு பத்திரிகை வெப்சைட்டை முடக்கிற முடியுமா?"

முடியும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. 2025 பிப்ரவரியில் விகடன் தன் இணைய இதழில் பிரதமரைப் பற்றி வெளியிட்ட கார்ட்டூனுக்குப் பிறகு, அதன் முழுத் தளமும் பலருக்குத் திறக்கவில்லை. மார்ச் 6-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு படத்துக்காக அத்தனை வருடச் செய்தியும் சேர்ந்து மறைந்ததுதான் என்னைக் கலங்கவைத்தது. அச்சில் ஓர் இதழைப் பறிமுதல் செய்தாலும் போன வார இதழ் வீட்டில் இருக்கும்.

15. "ஏஐ வந்துருச்சே. இனி நிருபர் எதுக்கு?"

மொழிபெயர்ப்பு, வீடியோவுக்கு எழுத்து சேர்ப்பது, நீண்ட அறிக்கையைச் சுருக்குவது என்று டெஸ்க் வேலையில் அது ஏற்கெனவே நுழைந்துவிட்டது. எனக்கு இருக்கும் கவலை வேறு. கூகுளில் தேடினால் பதில் மேலேயே வந்துவிடுகிறது. கீழே இருக்கும் செய்தித் தளத்துக்குள் ஆள் வருவதே குறைகிறது. கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை போனதோடு, சேகரித்ததற்கான பலனும் இப்போது நடுவில் நின்றுவிடுகிறது.

ஆனால் அந்தப் பதில் எதிலிருந்து வருகிறது? அரசு ராஜாஜி மருத்துவமனைப் பிணவறை வாசலில் நின்று பெயரைச் சரிபார்த்தவர் எழுதியதிலிருந்து. உசிலம்பட்டிப் பக்கம் கண்மாயில் தண்ணீர் வந்ததா என்று பைக்கில் போய்ப் பார்த்தவர் எழுதியதிலிருந்து. அவர் போகவில்லை என்றால் அது சுருக்குவதற்கு ஒன்றும் இருக்காது.

16. "என் மகன் ஜர்னலிசம் படிக்கணும்ங்கிறான். விடலாமா?"

அவனுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் விடுங்கள். சம்பளம் ஆரம்பத்தில் குறைவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். போனில் எடிட் செய்வதை அவன் உங்களுக்கே கற்றுக்கொடுப்பான். அதற்குக் கல்லூரி தேவையில்லை. தமிழைப் பிழையில்லாமல் வேகமாகத் தட்டச்சு செய்யவும், எஃப்ஐஆர் படிக்கவும், தகவல் உரிமை மனு எழுதவும், மாநகராட்சி பட்ஜெட்டைப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்கவும் பழகச் சொல்லுங்கள். இவற்றுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

17. "லைன் போடப் பசங்களே வர மாட்டேங்கிறாங்க. முப்பது வருச ஏஜென்சி. விட்டுரவா சார்?"

இதை என்னிடம் கேட்டவர் வில்லாபுரம் பக்கத்து ஏஜென்ட். நிறுவனம் எதிலும் இவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் எந்த வீட்டில் யார் படிக்கிறார், எந்த வீட்டில் தாத்தா இறந்த பிறகு பேப்பரை நிறுத்தினார்கள், எந்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பெண் இருக்கிறாள் என்பதெல்லாம் கூகுளுக்குத் தெரியும் முன்பே இவருக்குத் தெரியும். 10-ஆவது பதிலில் சொன்ன சந்தாதாரர் பட்டியலை இவர் ஒரு நாற்பது பக்க நோட்டில் வைத்திருக்கிறார்.

விட வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்லவில்லை. அவருடைய முழங்கால் வலி எனக்குத் தெரியும். வேறு ஒன்று சொன்னேன். தன் லைன் வீடுகளை மட்டும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினார். தினமும் காலை ஆறு மணிக்கு, பேப்பரில் நம்ம ஏரியா பற்றி எந்தப் பக்கத்தில் என்ன வந்திருக்கிறது என்று தானே பேசி ஒரு நிமிட ஆடியோ போடுகிறார். 'ஏழாம் பக்கம் அடியில பாருங்க, நம்ம தெரு சாக்கடை வந்திருக்கு' என்று அவர் குரலில் வரும். மாதச் சந்தாவை யுபிஐயில் வாங்கிக்கொள்கிறார். நிறுத்திய வீடுகளில் பதினோரு வீடு திரும்ப வந்திருக்கிறது. இரண்டு தெருவுக்கு இப்போது அவர் மனைவியே ஸ்கூட்டியில் போய்ப் போடுகிறார்.